முதுகுப் பதிவேடு

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு விருதுதான் வாங்கியிருக்கிறேன். அதுவும் புரியாமல் செய்த வேலைக்கு. புரிந்து செய்த வேலைகளுக்கு இதுவரை மூன்று முறை விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

ருகேவே நகராட்சியில் நான் இரண்டாம்நிலை எழுத்தர். பெயர் எலிசெயோ மான்சில்யா. முதல்நிலை எழுத்தர் பதவி பதினோரு ஆண்டுகளாகக் காலி. அந்தப் பதவிக்கு வரும் விண்ணப்பங்களை ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டியவர் முதல்நிலை எழுத்தர் என்பதால், நான் கொடுத்த விண்ணப்பம் இன்னும் அவர் மேசைமேல்தான் இருக்கிறது. அந்த மேசையைத் தினமும் துடைப்பதும் நான்தான்.

எங்கள் தீவில் மழை இரண்டு வகை. வெளியே பெய்வது ஒன்று, உள்ளே பெய்வது ஒன்று. உள்ளே பெய்யும் மழைக்காக நகராட்சியில் மூன்று வாளிகளும் ஒரு சூப்புப் பானையும் வைத்திருந்தோம். ஐந்தாவது ஒழுக்குக்குப் பாத்திரம் கிடைக்கவில்லை. அதன்கீழ் ஃபேக்ஸ் எந்திரம் இருந்தது. மின்சாரம் அந்த மூலையில்தான் வரும்.

ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை, தலைநகரிலிருக்கும் நிர்வாகத் தொடர்ச்சி இயக்ககத்திலிருந்து நான்கு பக்கச் சுற்றறிக்கை அதன் வழியாக வந்தது. முதல் பக்கம் கறுப்பாக, கொழகொழவென்று, அப்போதுதான் கடலிலிருந்து பிடுங்கிய பாசி மாதிரி வந்து விழுந்தது. மற்ற மூன்றும் படிக்கும்படி இருந்தன.

"மொதப் பக்கத்துல என்னய்யா இருக்கும்?" என்றார் நகராட்சித் தலைவர் தோன் அதெலார்தோ பரியா. தோன் என்றால் எங்கள் மொழியில் ஐயா.

"வணக்கம்னு இருக்கும் தலைவரே."

"அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. ரெண்டுலேருந்து படி."

படித்தேன். 'ஒவ்வொரு நகராட்சியும் நாள்தோறும் ஒரு ரெஸ்பால்தோ எடுக்க வேண்டும். அதற்கு வரிசை எண் இட வேண்டும். அதை அதே கட்டடத்தில் வைக்கக்கூடாது. ஒவ்வொன்றின் வரலாற்றையும் பதிவேட்டில் எழுதிவர வேண்டும்: எடுத்தவர் யார், எப்போது, எங்கே வைக்கப்பட்டது, முந்தைய நாளிலிருந்து என்ன மாறியது. எவ்வளவு சிறிய மாற்றமும் விடுபடலாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றைத் திரும்பப் பொருத்தி, பழைய நிலைக்கு மீட்டு, வேலை செய்கிறதா என்று சாட்சியுடன் சோதிக்க வேண்டும். பதவி எதுவாயினும் விலக்கு இல்லை.'

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மொழியில் ரெஸ்பால்தோ என்றால் நாற்காலியின் முதுகு. சாய்ந்துகொள்வோமே, அந்தப் பலகை. கணினிக்குள் இருப்பது அழிந்துபோனால் உதவட்டும் என்று எடுத்துவைக்கும் நகலுக்கும் கணினிக்காரர்கள் அதே பெயரை வைத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ரொம்பவும் பிற்பாடு.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. எங்களிடமும் கணினி இருந்தது, அதைப் பார்த்தாவது புத்தி வந்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கணினி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கற்றுக்கொடுக்க வந்தவர் அரை நாள் பேசினார். அதில் என் மண்டையில் நின்றது, அணைக்காமல் வயரைப் பிடுங்காதே என்பது மட்டும். ஆனால் நாற்காலிகள் எங்களுக்கு நன்றாகத் தெரியும். மொத்தம் பதினொன்று இருந்தன. எல்லாம் மஞ்ஞியோ மரம், நல்ல வேலைப்பாடு.

"நாற்காலி முதுகக் கழட்டி எதுக்குத் தலைவரே வேற கட்டடத்துல வைக்கணும்?" என்று நான் கேட்டேன். இதைப் பதிவு செய்துவைப்பது எனக்கு முக்கியம். கேட்டேன்.

தோன் அதெலார்தோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பூகம்பம் வந்தா என்னய்யா ஆகும்? உக்கார்ற பலகைய எவன் வேணாலும் செதுக்கிருவான். முதுகு செதுக்குறதுக்குக் கை வேணும். தலைநகரத்துல உக்காந்திருக்கவன் யோசிக்காமலா எழுதுவான்? இத்தன வருஷத்துல மொத மொறையா நம்ம முதுகப் பத்தி ஒருத்தன் கவலப்பட்டிருக்கான். அதக் கெடுக்காத."

அன்று மாலை ஐந்து மணிக்கு மேஸ்திரி ரெமிஹியோ உளியும் சுத்தியுமாக வந்தார். முதல் முதுகைக் கழற்றி, பின்பக்கம் 'எண் 1' என்று வண்ணத்தில் எழுதி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேட்டிலிருக்கும் தீயணைப்பு நிலையத்தின் பரணில் கொண்டுபோய் வைத்தார். நான் பதிவேட்டில் எழுதினேன். தோன் அதெலார்தோ கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

பதினோராம் நாள் தலைவருடைய நாற்காலியின் முறை. அதன் முதுகில் நகராட்சிச் சின்னம் செதுக்கியிருக்கும். மேஸ்திரி தயங்கினார். தலைவர் எழுந்து நின்று, அறையில் நானும் மேஸ்திரியும் மட்டுமே இருந்தும், பொதுக்கூட்டக் குரலில் பேசினார்.

"விலக்கு இல்லன்னா இல்லதான்! சாயறதுக்கு எடம் தேடுறவன் மக்கள் ஊழியன் இல்ல. இன்னையிலேருந்து இந்த நிர்வாகத்துக்குப் பின்னால எதுவுமே கெடையாது!"

சொன்னபடியே நடந்தது.

பன்னிரண்டாம் நாள் கழற்ற முதுகு இல்லை. தலைநகரத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன்: 'எங்களிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. நாளொன்றுக்கு ஒன்று வீதம் இனி எப்படி எடுப்பது?' மறுநாளே பதில் வந்தது: 'மிகப் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொள்ளலாம்.'

தெளிவான பதில். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் மேஸ்திரி மேட்டுக்குப் போய், மிகப் பழைய முதுகை எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு, அதன்மேல் புதிய எண்ணை எழுதுவார். மறுபடி மேடேறிப் பரணில் வைப்பார். முதுகுகள் நாற்காலியைத் தொடாமலே எண்கள் ஏறிக்கொண்டு போயின.

"எனக்கொண்ணும் கஷ்டமில்ல தம்பி," என்றார் மேஸ்திரி ஒரு மழை நாளில், முதுகைத் தலைமேல் பிடித்தபடி. "நனையாம வந்துர்றேன். ஆனா இத யாரு கேக்குறான்னு மட்டும் சொல்லு. மனுசனா, சாமியா?"

ஆகஸ்ட்டில் பலகைகளில் புழு வைத்தது. பயந்துபோய் இன்னொரு ஃபேக்ஸ்: 'எங்கள் ரெஸ்பால்தோக்களில் புழு கண்டிருக்கிறது.' இதற்குப் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது, அவசர முத்திரையுடன்: 'புழு பிடித்தவற்றை உடனே தனிமைப்படுத்துக. பிற நகராட்சிகளோடு எதையும் பரிமாற வேண்டாம். தெரியாதவர்கள் அனுப்புவதைத் திறக்க வேண்டாம்.' அந்த வாரம் தேவாலயத்திலிருந்து பாதிரியார் அன்போடு அனுப்பிவைத்த இரண்டு பெஞ்சுகளை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். அவர் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

எனக்கு உண்மையான தொல்லை கொடுத்தது 'என்ன மாறியது' என்ற கட்டம். பரணில் கிடக்கும் பலகையில் ஒரு நாளில் என்ன மாறிவிடும்? வெறுமையாக விட்டால் விளக்கம் கேட்பார்கள். மூன்று விளக்கம் கொடுத்தவனுக்கு நான்காவதன் வலி தெரியும். யோசித்துப் பார்த்ததில், நாற்காலி மாறுவது ஆள் உட்காருவதால்தான் என்று தோன்றியது. ஆகவே அன்றன்று யார் வந்து உட்கார்ந்தார், எத்தனை நேரம், எதற்காக வந்தார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எந்தப் பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்தார் என்று எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். எவ்வளவு சிறிய மாற்றமும் விடுபடலாகாது அல்லவா.

அந்தக் கட்டத்தில் அடிக்கடி வந்த பெயர் உபெர்லிந்தா நாவெல்கின்.

உபெர்லிந்தா அக்கா படகுத்துறையில் மில்காவோ விற்பவர். உருளைக்கிழங்கைத் துருவிப் பிசைந்து அவர் சுடும் அந்த அடையை ஒருமுறை தின்றவன் வேறு கடைக்குப் போகமாட்டான். வீட்டுத் திட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்பது வருடமாகக் காத்திருந்தார். இருந்த வீட்டின் தகரக் கூரையில் பாதியைப் புயல் கொண்டுபோய் அடுத்த தீவில் போட்டுவிட்டது. அங்கே அதை ஒருவர் கோழிக்கூட்டுக்குப் போட்டிருப்பதை அக்கா படகில் போகும்போதெல்லாம் பார்ப்பார்.

திட்டத்தின் பட்டியலில் பதினான்கு பேர். அக்கா ஏழாவது. முந்தைய தலைவர்கள் காலத்தில் அந்தக் காகிதப் பட்டியலிலிருந்து அவர் பெயர் இரண்டு முறை தானாகவே விழுந்துபோயிருக்கிறது. கணினி வந்ததும் நான் அதை இரண்டு விரலால் தட்டி ஏற்றினேன். ஏற்றி முடித்த அன்று தோன் அதெலார்தோ ஒரு விழா எடுத்து, நவீன யுகம் பிறந்துவிட்டது என்று அறிவித்து, காகிதப் பட்டியலை எல்லாரும் பார்க்க விறகடுப்பில் போட்டார். அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை பத்து மணிக்கு வந்துவிடுவார்.

"தம்பி, பொட்டியத் தொற. நான் இருக்கேனா பாரு."

"ஏழாவது எடத்துல இருக்கீங்கக்கா."

"ஏழுன்னு சும்மா சொல்லாத. மேலேருந்து படி. ஆறுல யாரு, எட்டுல யாருன்னு கேட்டாத்தான் நடுவுல நான் நெசமா இருக்கேன்னு நம்புவேன்."

பதினான்கையும் படிப்பேன். கேட்டு முடித்ததும் திருப்தியாக ஒரு மூச்சு விட்டுப் பின்னால் சாய்வார். பின்னால் ஒன்றும் இருக்காது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பேன்.

"ஏந்தம்பி, ஊர்ல நாற்காலிக்கெல்லாம் முதுகு இருக்கு. ஒங்க ஆபீஸ்ல மட்டும் முதுகெலும்ப உருவி எந்தச் சாமிக்குப் படைச்சீங்க?"

"பாதுகாப்புக்கா. மேல பரண்ல பத்திரமா இருக்கு."

"அது பத்திரமாத்தான் இருக்கு. இங்க என் முதுகுல்ல போகுது! காலைல நாலு மணிக்குக் கெழங்கு துருவ ஒக்காந்தவ நான். ஒரு நிமிசம் சாயலாம்னு பாத்தா, கவர்மெண்டு அதையும் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கு."

இதையும் எழுதிக்கொள்வேன். 'எண் 143. மாற்றம்: உ. நாவெல்கின், 10.05 முதல் 10.40 வரை. வீட்டுப் பட்டியல் முழுவதும் படித்துக்காட்டப்பட்டது.' கீழே பதினான்கு பெயர்களும். 'பின்னால் சாய்ந்தார். பிடிக்கப்பட்டார்.'

அடுத்த ஏப்ரலில் ஆண்டறிக்கை அனுப்பினோம். எடுத்த ரெஸ்பால்தோக்கள்: இருநூற்று அறுபத்தொன்று. விடுபட்ட நாட்கள்: இல்லை. மீட்புச் சோதனைகள்: நான்கு, நான்கும் வெற்றி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேஸ்திரி ஒரு முதுகைக் கொண்டுவந்து பொருத்துவார், தலைவர் சாய்ந்து பார்த்து 'நன்றாக வேலை செய்கிறது' என்பார், மறுபடி கழற்றிவிடுவோம். நாடு முழுவதும் உள்ள நகராட்சிகளில் மீட்புச் சோதனை என்ற கட்டத்தில் சைபர் அல்லாத எண்ணை எழுதியவர்கள் நாங்கள் மட்டும்தானாம். எங்களுக்குத் தேசிய விருது என்று தந்தி வந்தது. துணை இயக்குநரே நேரில் கொண்டுவந்து கொடுப்பார், வியாழக்கிழமை.

திங்கட்கிழமை ஐந்தாவது ஒழுக்கு இடம் மாறியது.

எப்போதும் ஃபேக்ஸ்மேல் விழுவது அன்று பெரிதாகி, கூரையின் ஒரு துண்டோடு கணினிமேல் விழுந்தது. தலைவரின் மனைவி பின்னிக்கொடுத்த கம்பளிக் குல்லாய் போட்டுத்தான் அதை மூடியிருந்தோம். உள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு மில்காவோ கருகினால் வரும் வாசனை. நான் விதிப்படி அணைத்துவிட்டுத்தான் வயரைப் பிடுங்கினேன். அணைக்க ஒன்றும் மிச்சமில்லை.

செவ்வாயன்று வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதினான்கு வீடுகள் ஒதுக்கியாகிவிட்டது. பட்டியலை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வீடுகள் கால்வாய்க்கு அக்கரையிலுள்ள நகராட்சிக்குப் போய்விடும்.

தோன் அதெலார்தோவின் முகத்தில் கலக்கமே இல்லை. "நாமதான் நாட்டுலயே மொதல்ல வந்தவங்களாச்சே. வர்ற பெரிய மனுசன்கிட்ட கேட்டாப் போச்சு. வழி சொல்ல மாட்டாரா?"

வியாழனன்று படகில் வந்து இறங்கினார் துணை இயக்குநர் தோன் ஃபாபியான் எச்செனிக்கே. நல்ல உயரம், நல்ல கோட்டு, சாம்பல் நிறத் தோல்பை. கூடத்தில் வாளிகளை ஒதுக்கி, முதுகில்லாத நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தோம். வழக்கம்போல் பத்து மணிக்கு வந்த உபெர்லிந்தா அக்கா, விழா என்று சொல்லியும் போகாமல், முதல் வரிசையில் மில்காவோக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

துணை இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, எங்கள் இயக்ககத்தில் அறுபத்திரண்டு பேர் வேலை செய்கிறோம். நாங்கள் யாரும் ரெஸ்பால்தோ எடுப்பதில்லை. எடுத்ததன் வரலாற்றைக் காக்கிறோம். எடுத்ததைவிட எடுத்தோம் என்பதற்கான சான்றுதான் நிர்வாகத்தின் உயிர். சிலர் கேட்கிறார்கள், அந்தச் சான்றுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று ஏன் திறந்து பார்ப்பதில்லை என. அது நம் ஊழியர்கள்மேல் அவநம்பிக்கை கொள்வதாகும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, தலைமையகத்தில் திறந்து பார்த்தோம். அந்த அனுபவத்துக்குப் பிறகு திறந்து பார்க்கும் பிரிவையே மூடிவிட்டோம். ஆனால் ருகேவே! நீங்கள் நான்கு முறை மீட்டிருக்கிறீர்கள்! அதுவும் சாட்சியோடு! அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை."

கைதட்டினோம். சான்றிதழைக் கொடுத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் உபெர்லிந்தா அக்கா எழுந்தார்.

"ஐயா, நல்லாப் பேசுனீங்க. பொட்டி செத்துப்போச்சாம். அதுக்குள்ளதான் என் வீடு இருந்துச்சு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பேர் போகலன்னா வீடு அக்கரைக்காரனுக்காம். அதுக்கு என்ன சொல்றீங்க?"

துணை இயக்குநர் புன்னகைத்தார். "அம்மா, நீங்கள் இந்த நாட்டிலேயே பாதுகாப்பான ஊரில் இருக்கிறீர்கள். கடைசி ரெஸ்பால்தோவைக் கொண்டுவாருங்கள். பட்டியல் வந்துவிடும்."

"கேட்டியா மேஸ்திரி? ஓடு!" என்றார் தலைவர் பெருமையாக.

மேஸ்திரி ரெமிஹியோ மேட்டுக்கு ஓடினார். கால் மணி நேரம் கழித்து வந்தார். 'எண் 276' என்று எழுதிய பலகையைத் துணை இயக்குநரின் முன்னால், தோல்பைக்குப் பக்கத்தில், மேசைமேல் வைத்தார்.

"என்ன இது?" என்றார் துணை இயக்குநர்.

"ரெஸ்பால்தோ," என்றார் மேஸ்திரி.

வாளிகளில் சொட்டும் சத்தம் கேட்டது. நான் பலகையைப் பார்த்தேன். துணை இயக்குநரைப் பார்த்தேன். செத்துப்போன கணினியையும் அதன் கம்பளிக் குல்லாயையும் பார்த்தேன். பதின்மூன்று மாதத்துக்கு முன் கறுப்பாக வந்து விழுந்த அந்த முதல் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்பது அப்போதுதான், சொட்டுச் சொட்டாக, என் மண்டையில் இறங்கியது. வணக்கம் இல்லை.

துணை இயக்குநருக்கும் புரிந்துவிட்டது. அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு சாம்பலானது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சான்றிதழைத்தான் பார்த்தார். அதில் அமைச்சரின் கையெழுத்து இருந்தது. கீழே அவருடையது. நாள்தோறும் நாங்கள் அனுப்பிய விவரத்துக்கு இயக்ககம் தந்த இருநூற்று எழுபத்தாறு ரசீதுகளிலும் அவர் கையெழுத்து இருந்தது.

மெதுவான குரலில் கேட்டார்: "இது... மீளுமா?"

மேஸ்திரி பலகையை நாற்காலியில் பொருத்தி நான்கு ஆப்பு அடித்தார். துணை இயக்குநர் உட்கார்ந்தார். பயந்து பயந்து, ஒரு விரல் அகலத்துக்குச் சாய்ந்தார். பிறகு முழுவதும் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இருபத்தோரு வருடப் பணியில்," என்றார், "வேலை செய்யும் ரெஸ்பால்தோவை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை."

"நாற்காலி சரியாயிருச்சு, சந்தோசம்," என்றார் உபெர்லிந்தா அக்கா. "என் வீடு?"

தோன் அதெலார்தோ தரையைப் பார்த்தார்.

"பதினாலு பேரும் எனக்கு மனப்பாடம்யா," என்றார் அக்கா. "வருசம் பூரா கேட்டிருக்கேன். நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

"வாய்மொழியை ஏற்க விதியில்லை அம்மா." துணை இயக்குநர் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். "எழுதியிருக்க வேண்டும். எண்ணும் தேதியும் இட்டிருக்க வேண்டும். கட்டடத்துக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்."

பதிவேட்டையும் கட்டடத்தில் வைக்கக்கூடாது என்று நானாகவே முடிவு செய்து, தினமும் மாலையில் போஞ்சோப் போர்வைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் கொண்டுவருவது வழக்கம். என் மனைவி அதை என் இரண்டாம் குடும்பம் என்பாள். அது அப்போதும் என் அக்குளில்தான் இருந்தது.

"ஐயா," என்றேன், "என்ன மாறியதுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல கொஞ்சம் எழுதி வெச்சிருக்கேன்."

துணை இயக்குநர் வாங்கிப் பிரித்தார். போன வியாழக்கிழமைப் பக்கம். 'எண் 272. உ. நாவெல்கின், 10.00 முதல் 10.35. பட்டியல் படிக்கப்பட்டது.' கீழே ஒன்று முதல் பதினான்கு வரை. தேதி, எண், தலைவரின் கையெழுத்து, முத்திரை. அதற்கு முந்தைய வியாழன். அதற்கும் முந்தைய வியாழன். நாற்பத்தெட்டு வியாழன்கள். படித்த பக்கத்தையே மறுபடி படித்தார். முழுமையான வரலாறு ஒன்றை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலும்.

சிக்கல் பதினோராம் இடத்தில்தான் வந்தது. போன வாரப் பக்கத்தில் அந்த வரிமேல் ஒரு சொட்டு விழுந்து பெயர் கரைந்திருந்தது.

"சிக்ஸ்தோ கினேயோ," என்றார் அக்கா உடனே.

"முந்தைய வாரங்களிலும் அதே பெயர்தான், ஆனால் பட்டியலுக்குப் பட்டியலே சாட்சியாகாது. வேறு ஆதாரம்?"

பக்கங்களைப் புரட்டினேன். "இங்க இருக்கு. எண் 188. சிக்ஸ்தோ கினேயோ, நாப்பது நிமிஷம், தன்னோட எண் பதினொண்ணுதானான்னு கேட்டுட்டுப் போனாரு. குடலிறக்கம் காரணமா, எப்பவும்போல மூணாவது நாற்காலியில வலது பக்கமாவே உட்கார்ந்தாரு."

"அதுக்குச் சாட்சி நாற்காலியே சொல்லும்," என்றார் மேஸ்திரி. மூன்றாவது நாற்காலியைத் தூக்கி வந்து காட்டினார். வலது பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. துணை இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் மாதிரிப் பிடித்து, அந்தத் தேய்மானத்தை ஆராய்ந்தார்.

"ஏற்கப்படுகிறது," என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்குப் பட்டியல் ஃபேக்ஸில் போயிற்று. துணை இயக்குநர் தம் கைப்பட மேலே எழுதியிருந்தார்: 'ரெஸ்பால்தோ வரலாற்றிலிருந்து மீட்கப்பட்டது.' முதல் பக்கத்தை மட்டும் நான்கு தடவை அனுப்பினோம். நான் ஃபேக்ஸுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

படகு ஏறும்போது துணை இயக்குநர் என் தோளைப் பிடித்தார். "மான்சில்யா, நடந்தது வெளியே தெரிந்தால் என் இயக்ககம் மானம் கெடும்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

"அது போதாது. இதையே விதியாக்கிவிடுகிறேன். விதியாகிவிட்டால் யாரும் தவறென்று சொல்ல முடியாது."

ஒரு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது, இந்த முறை முதல் பக்கமும் தெளிவாக. 'ருகேவே முறை' நாடெங்கும் கட்டாயம். மூன்று பிரதிகளில் வரலாறு, மஞ்ஞியோ மரம் விரும்பத்தக்கது. நாட்டிலுள்ள தச்சர்களுக்கெல்லாம் அந்த வருடம் நல்ல காலம். வடக்கே பாலைவனத்து நகராட்சி ஒன்றிலிருந்து ஓர் எழுத்தர் தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் நாற்காலிகள் பிளாஸ்டிக், ஒரே வார்ப்பு, முதுகை எப்படிக் கழற்றுவது என்று கேட்டார். முதல்நிலை எழுத்தர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செப்டம்பரில் வீடுகளைக் கொடுத்தார்கள். உபெர்லிந்தா அக்காவுக்கு ஏழாம் எண் வீடு. மரப்பலகைச் சுவர், புதுத் தகரக் கூரை, பின்னால் கோழிக்கூட்டுக்கு இடம். நான் அன்று மாலை வேலை முடிந்ததும் மூன்றாவது நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன், முதுகோடு. கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது விதி. வெளியே என்றால் தீயணைப்பு நிலையம்தான் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கூடவே மேஸ்திரியும் வந்தார், ஆப்பு தளர்ந்திருக்குமோ என்று பார்க்க. மில்காவோ கிடைக்கும் என்பதும் ஒரு காரணம்.

வீட்டுக்குள் ஒரு மேசைகூட இல்லை. நடுவில் நாற்காலியைப் போட்டேன். அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார். பின்னால் கையால் தடவிப் பார்த்தார். பலகை இருந்தது. உட்கார்ந்தார். உட்கார்ந்தும் முதுகை நேராகவே வைத்திருந்தார், பழக்கம்.

"சாயுங்கக்கா."

"புடிச்சுக்க மாட்டியா?"

"இப்பத் தேவையில்லக்கா."

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் பெரிய சத்தம். நாங்கள் மூன்று பேரும் பழக்கதோஷத்தால் அண்ணாந்து பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை. அக்கா மெல்லப் பின்னால் போனார். முதுகு பலகையில் பட்டதும் ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

நான் பதிவேட்டைப் பிரித்தேன். 'மீட்புச் சோதனை. சாட்சி: உ. நாவெல்கின், வீட்டு எண் 7. பலன்:' என்று எழுதி நிமிர்ந்தேன்.

"என்னக்கா எழுத? வெற்றின்னு போடவா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"சாஞ்சாச்சுன்னு போடு தம்பி."